மாமனார் பூட்டிய டிஸ்க்

பட்டப்பகல் இரண்டு மணிக்கு, கோட்டின் உள்பையில் செத்துப்போன மாமனாரின் ஹார்ட் டிஸ்கை வைத்துக்கொண்டு, சைகல் அந்த நிலவறையின் படிகளில் இறங்கினாள். பிஷ்கெக்கில் துணி தைத்துப் பிழைக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பு தரைக்குக் கீழேதான். ஜன்னல் நடைபாதை மட்டத்தில் இருந்தது. பனிச்சேறு அப்பிய பூட்ஸ் கால்கள் மட்டும் அதில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. உள்ளே மூன்று தையல் மெஷின்கள், ஒரு வெட்டு மேசை, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைந்து தள்ளும் அகலமான பிரிண்டர் ஒன்று. முந்தின வாரம்தான் இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தாள்.

கணினி பழுது பார்க்கும் தாயிர், புது மதர்போர்டை வெட்டு மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வேலை சுத்தம், வாய்தான் ஓயாது.

"என்னக்கா, டிஸ்க் கொண்டு வரச் சொன்னா கைக்குழந்தையத் தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றீங்க?"

"குளிர்ல விட்டா கெட்டுப்போகும்னு நீதானேடா சொன்ன?"

"சொன்னேன். அது தப்பிச்சதே பெருசு. உங்க மாமனாரோட நாப்பதாம் நாள் விருந்தன்னிக்கே பழைய போர்டு கருகிருச்சாமே? ஊரே அதைத்தான் பேசுது."

"கரண்டு கூடி வந்துச்சு, கருகுச்சு. ஊருக்கு வேற வேலை இல்ல. நீ மாட்டு."

கல்யாணமாகிப் பதினான்கு ஆண்டுகள். வீட்டு வேலை போக மிச்சமான நேரத்தில் அந்தக் கணினியில் அவள் வரைந்த பேட்டர்ன்கள் நானூறுக்கு மேல். பள்ளிச் சீருடை, குழந்தைகளின் கவுன், பெரிய உடம்புக்காரிகளுக்கான கோட்டு. எல்லாம் அந்த டிஸ்கில் இருந்தன. வெள்ளிக்கிழமை அல்மாட்டியிலிருந்து மொத்த வியாபாரி ஒருத்தி வருகிறாள். காட்டுவதற்குப் பேட்டர்ன் இருந்தால் இந்த நிலவறை நிலைக்கும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு, கணவனின் அண்ணன் சட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டுக்கே திரும்பிப் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு கிடக்க வேண்டும். கணவனோ மாஸ்கோவில் டாக்சி ஓட்டுகிறான். அண்ணன் கிழித்த கோட்டை அவன் தாண்டமாட்டான்.

தாயிர் வயர்களைச் சொருகினான். டிஸ்க் ஒருமுறை முனகிவிட்டுச் சுழன்றது.

"போர்டு புதுப் பொண்ணு, டிஸ்க் கிழடு. ஒத்துப்போறது கஷ்டந்தான்" என்று சிரித்தபடி ஏதோ ஓர் அமைப்பை மாற்றினான். திரை கறுத்தது. பிறகு ஒரே ஒரு கட்டம் வந்து நின்றது.

கடவுச்சொல் கேட்டது.

"ஐயோ. மொத்த டிஸ்கையும் பூட்டி வச்சிருக்காங்கக்கா. பழைய போர்டுல தானாத் திறந்திருக்கும். புது போர்டைப் பாத்ததும் அந்நியன்னு நினைச்சிருச்சு. யாரு வேலை இது?"

"அவருதான்."

மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் சாப்பாட்டு விரிப்பில், தனியாகத் தொழில் வைக்கலாமா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டாள். மறுநாளே மாமனார் யாரையோ கூட்டி வந்து கணினிக்கு என்னவோ செய்யச் சொன்னார். "இந்த வீட்ல வரைஞ்சது இந்த வீட்டுக்குள்ளதான் கிடக்கும்" என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் இன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

"பேசாம எல்லாத்தையும் அழிச்சிட்டு, புதுசா சிஸ்டம் ஏத்திரவா?"

"கைய ஒடிச்சிருவேன்."

அவர் பிறந்த வருடத்தைப் போட்டுப் பார்த்தார்கள். அவருடைய குதிரையின் பெயரைப் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் தப்பு.

"இன்னும் ஒரே தடவதாங்க்கா. அதுவும் தப்பாச்சுன்னா நிரந்தரமா மூடிக்கும்." தவறிக்கூட விரல் பட்டுவிடக் கூடாது என்று, தாயிர் கீபோர்டின் வயரையே பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டிக். டிக். டிக்.

பழைய டிஸ்க் அப்படிச் சத்தம் போடும் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் இது வேறு. காலியான தேநீர்க் கிண்ணத்தை நகத்தால் தட்டும் சத்தம் அது. கூப்பிடமாட்டார், கேட்கமாட்டார், தட்டுவார். பதினான்கு வருடம் அந்தச் சத்தத்துக்கு அவள் எழுந்து ஓடியிருக்கிறாள். இப்போதும் அவள் முழங்கால்கள் தாமாக எழப் பார்த்தன. சைகல் தொடைகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சூடேறிய டிஸ்கிலிருந்து ஒரு வாடை கிளம்பியது. நாக்குக்கடியில் அவர் அடக்கிக்கொள்ளும் பச்சைப் புகையிலைப் பொடியின் வாடை.

"அக்கா..." தாயிரின் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "திரையப் பாருங்க."

கட்டத்துக்குள் ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொன்று.

மொத்தம் எட்டுப் புள்ளிகள். வரிசையாக அழிந்தன. மறுபடி எட்டு.

"கீபோர்டு என் மடியில இருக்குக்கா."

"தெரியுது."

"நான்... நான் வெளில நிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க." கீபோர்டை மேசையில் போட்டுவிட்டு அவன் படியேறி ஓடினான். தொப்பியைக்கூட எடுக்கவில்லை. ஜன்னலில் அவன் பூட்ஸ்கள் வந்து நின்றன. பாவம், முழுசாகப் போய்விடவும் அவனுக்கு மனம் வரவில்லை.

எட்டு எழுத்து. சைகலுக்குப் பயத்தோடு கோபமும் சேர்ந்து வந்தது.

கிர்கிஸ் வீடுகளில் மருமகள் வாயிலிருந்து வரவே கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது மாமனாரின் பெயர். செத்த பிறகும் அதேதான். அவர்கள் மொழியில் அதற்கும் எட்டே எழுத்துதான். எழுத்தில்கூட அவள் அதைத் தொட்டதில்லை. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த அன்று, ஆம்புலன்ஸ்காரி போனில் நோயாளியின் பெயரைக் கேட்டாள். சைகலுக்கு நாக்கு எழவில்லை. தரையில் கிடந்தவரும் சொல்லாதே என்றுதான் கண்ணை உருட்டினார். போனோடு பக்கத்து வீட்டுக்கு ஓடி, அந்த வீட்டுக்காரனைச் சொல்லவைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். "கடைசி வரைக்கும் பேரச் சொல்லல பாரு, மருமகள்னா இவ மருமக!" அந்தப் புகழ்ச்சி இன்றைக்கும் அவளுக்கு வசவாகத்தான் கேட்கிறது.

"அதுதானா அத்தா?" என்றாள் திரையைப் பார்த்து. "உயிரே போனாலும் நான் சொல்லமாட்டேன்னு தெரிஞ்சுதான் அதையே வச்சீங்களா?"

டிக். டிக். டிக்.

"தேநீர் இல்ல. கெட்டிலே வாங்கல."

கீபோர்டைச் சொருகினாள். முதல் எழுத்தை அழுத்தும்போதே வாய்விட்டுச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள். ஒவ்வோர் எழுத்துக்கும் குழல்விளக்கு மங்கி மங்கி எரிந்தது. தட்டும் சத்தம் வேகமெடுத்தது.

கழுத்துக்குப் பின்னால், யாரோ குனிந்து பார்ப்பதுபோல், ஈரமான மூச்சு.

ஏழு எழுத்து ஆனது.

எட்டாவது விசை இறங்கவில்லை.

அடியிலிருந்து ஒரு விரல் முட்டுக்கொடுத்திருப்பதுபோல் அது நின்றது. சைகல் இரண்டு கட்டைவிரல்களையும் அதன்மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினாள்.

"கல்மிர்சா!" என்று கத்தினாள். "கல்மிர்சா! கேட்டுச்சா? உங்க பேரு கல்மிர்சா. அன்னிக்கே நான் சொல்லியிருந்தா இன்னிக்கு உயிரோட இருந்திருப்பீங்க!"

விசை இறங்கியது.

தட்டும் சத்தம் நின்றது. தெருச் சத்தம்கூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. புது போர்டு எந்தெந்தப் பாகங்களையோ அடையாளம் கண்டுகொண்டு, அணைந்து, மீண்டும் எழுந்தது. திரையில் அவளுடைய கோப்புகள் நானூறும் வரிசையாக வந்து நின்றன. அவள் அழுதுவிட்டாள். முந்தானைக்கு வழியில்லாத அந்தக் கோட்டின் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

முதலில் ஒரு கவுனின் பேட்டர்னை அச்சுக்கு அனுப்பினாள். பிரிண்டர் அதை அழகாக வரைந்து தள்ளியது. தள்ளிவிட்டு நிற்கவில்லை. அவள் அனுப்பாத இன்னொரு தாளை இழுத்தது.

ஐந்து துண்டுகள் இருந்தன அதில். கையும் கழுத்துப்பட்டியும் இல்லாத ஐந்து நீளத் துண்டுகள். சைகலுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து, பிணத்துக்குச் சுற்றும் கஃபன் துணி. மாமியாருக்கு அவள்தான் வெட்டினாள். ஓரத்தில் உயரம் குறித்திருந்தது: 161.

அவள் வெட்டு மேசையிலிருந்த சிவப்புப் பென்சிலை எடுத்தாள்.

"பதினாலு வருஷம் ஒரே வீட்ல இருந்திருக்கேன். என் உயரம்கூடத் தெரியல உங்களுக்கு." 161-ஐ அடித்துவிட்டு 164 என்று கொட்டை எழுத்தில் எழுதி, பிரிண்டரின் மூடிமேல் வைத்தாள்.

பிறகு குனிந்து, பிரிண்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

விளக்கு அணைந்த பிரிண்டர் ஒரு கணம் சும்மா இருந்தது. பிறகு மெதுவாக, ஒரு தாளை இழுக்கத் தொடங்கியது.

அதே ஐந்து துண்டுகள். 164.

ஜன்னலில் தாயிரின் பூட்ஸ்கள் ஓடத் தொடங்கின. சைகல் ஓடவில்லை. தாளைக் கிழித்தெடுத்தாள், பின்பக்கம் திருப்பினாள். வெள்ளையாக இருந்தது. கவுன் பேட்டர்னிலிருந்து கைத் துண்டை வெட்டியெடுத்து அதன்மேல் வைத்து, சிவப்புப் பென்சிலால் ஓரம் வரைய ஆரம்பித்தாள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னும் இருபது தாள் வேணும் அத்தா" என்றாள் நிமிராமல். "தள்ளுங்க."

பிரிண்டர் அடுத்த தாளை இழுத்தது.