பொட்டலில் போட்ட கிடை

ட்ரோன் ஓட்டும் தாஹாவைக் காணவில்லை. வெப்பக் கேமராவையும் காணவில்லை. “தூக்கிக்கிட்டு ஓடிட்டான்” என்று முதலாளி கார்த்திகேயன் போலீசில் புகார் கொடுத்து மூன்று நாளாகிவிட்டது.

காலை 5.40. கல்லலுக்கு மேற்கே ஒரு செம்மண் பொட்டல். ஏர் படாத மண். கண்ணிவெடி தேடும் ட்ரோனைச் சோதிக்க, மணல் அடைத்த போலி வெடிகளை அங்கே புதைத்திருந்தார்கள்.

“எப்படிக் கண்டுபிடிக்கும்?” என்றார் இன்ஸ்பெக்டர் உமையாள்.

“தோண்டுன மண்ணு சீக்கிரம் ஆறிரும் மேடம். விடியுறப்ப கேமராவுல தனியாத் தெரியும்” என்றான் கார்த்திகேயன்.

“ஆளப் பொதச்சிருந்தாலும் தெரியும்ல?”

“தாராளமாப் பாருங்க.” சிரித்தபடியே மாற்றுக் கேமராவை மாட்டி ட்ரோனை ஏற்றினான்.

திரையில் சில போலி வெடிகள் கரும்புள்ளிகளாகத் தெரிந்தன. சில தெரியவே இல்லை. வடக்கு மூலையில் மட்டும் அகலமாய் ஒரு வெள்ளைத் திட்டு.

“அது?”

“ஆட்டுக்கிடை மேடம். ராத்திரி பூரா ஆடு படுத்த சூடு. இப்பத்தான் அங்குட்டு ஓட்டிட்டுப் போறாக.”

வேலியோரம் நின்ற தாஹாவின் மனைவி ஷரபுன்னிசாவிடம் உமையாள் போனார்.

“அவுக திருடுற ஆளில்லம்மா. வெடி இருக்குற எடத்த முதலாளி முன்னாடியே மெஷின்ல ஏத்தி வச்சுட்டு, கண்டுபிடிச்சிருச்சுன்னு காட்டுறாகளாம். ‘இத நம்பி நடக்குறவன் காலு போயிரும், அதிகாரிககிட்ட சொல்லிருவேன்’னு அவருகிட்டயே சொன்னாக. மறுநாள் வீடு வரல.”

உமையாள் வடக்கு மூலைக்கு நடந்தார். புழுக்கையைச் செருப்பால் ஒதுக்கினார்.

“இங்க தோண்டுங்க.”

“எதுக்கு மேடம்?” கார்த்திகேயன் குரல் உயர்ந்தது.

“கிடை போடுறது உரத்துக்கு. வெதைக்காத பொட்டலுக்கு எதுக்கு உரம்? தோண்டுன மண்ண ஆடு மிதிச்சு இறுக்கணும், படுத்துச் சூடாக்கணும். அப்பத்தான் கேமராவுல தெரியாது. இது கேமராவோட கண்ண அறிஞ்சவன் வேலை.”

கிடைக்காரர் சேவுகப்பெருமாளைக் கூட்டி வந்தார்கள்.

“மூணு ராத்திரியும் இதே எடத்துல போடச் சொன்னது இந்தத் தம்பிதான். ‘கல்லுலயா தம்பி வெதைக்கப் போறீக?’ன்னு கேலிகூடப் பண்ணேன்” என்று கார்த்திகேயனைக் கைகாட்டினார்.

கார்த்திகேயன் ஜீப் பக்கம் நகர்ந்தான். ஏட்டு அவன் தோளைப் பிடித்தார்.

முழங்கால் ஆழத்தில் கேமராப் பையின் வார் தெரிந்தது. அடுத்து ஒரு கை.

ஷரபுன்னிசா குழியருகே வந்து உட்கார்ந்தாள்.

“இனி அவுகள யாரும் திருடன்னு சொல்ல மாட்டாகல்லம்மா?”

உமையாள் தொப்பியைக் கழற்றினார்.

“சொல்ல மாட்டாக.”