பொட்டு வைத்த ரெக்கார்டு பிளேயர்

"பாப்பா என்னங்க சாப்புடும்?"

பேக்கரிக்காரர் கேட்டது என்னைப் பற்றி. ஆனால் கேட்டது அப்பாவிடம்! நான் அப்பாவுக்குப் பக்கத்திலேயே, கண்ணாடிப் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பதினொரு வயது. வாய் இருக்கிறது. வாய்க்குள் நாக்கும் இருக்கிறது. கண் மட்டும்தான் தெரியாது. ஒரு தேங்காய் பன் கேட்பதற்குக் கண் எதற்கு?

"பாப்பாவுக்குத் தேங்காய் பன் வேணுமுங்க," என்று நானே சொன்னேன். "அப்படியே பாப்பாவுக்கு ஒரு பாலும் வேணுமுங்க. சர்க்கரை தூக்கலாப் போடுங்க."

என் அண்ணன் வம்சி களுக்கென்று சிரித்தான். ராமாமணி அத்தை, "அட, அக்ஷிதாவுக்குக் கோவத்தைப் பாரு!" என்றார்.

கோபம் வராமல் என்ன செய்யும்? எங்கே போனாலும் இதே கதைதான். செருப்புக் கடைக்குப் போனால், "பாப்பாவுக்குக் கடிக்குதாங்க?" என்று அப்பாவிடம் கேட்பார்கள். போன மாதம் ஊசி போட்ட டாக்டர்கூட, "பாப்பாவுக்கு வலிக்குதாங்க?" என்று அம்மாவிடம்தான் கேட்டார். வலித்தது எனக்கு!

ஆனால் அன்றைக்கு நாங்கள் பன் தின்பதற்காகக் காந்திபுரம் வரவில்லை. எனக்கு ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்க வந்திருந்தோம்.

என் தோழி உம்மல் குல்சும் வீட்டில் ஒன்று இருக்கிறது. பெரிய இசைத்தட்டைச் சுழல விட்டு, அதன் மேல் ஒரு முள்ளை இறக்கினால் பாட்டு வரும். முதல் நாள் தொட்டுப் பார்த்தபோதே எனக்குப் பிடித்துப் போய்விட்டது. போனில் பாட்டு எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க முடியுமா? எங்கே தடவினாலும் வழவழ. இதில் அப்படி இல்லை. தட்டுக்கு ஓரம் இருக்கிறது, நடுவில் ஓட்டை இருக்கிறது, திருப்பினால் இன்னொரு பக்கம் இருக்கிறது. எல்லாமே கைக்குத் தெரிகிறது.

என் பிறந்தநாளுக்குக் குல்சும் ஒரு வயலின் இசைத்தட்டைப் பரிசாகக் கொடுத்தாள். உக்கடத்தில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தாளாம். "ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுக்கு வா. என் கையாலயே போட்டுக் காட்டறேன்," என்று நானும் வாய்விட்டுவிட்டேன். அன்றைக்குச் சனிக்கிழமை. வீட்டில் தட்டு இருந்தது, பிளேயர் இல்லை.

அப்பாவுக்குப் பம்பு கம்பெனியில் வேலை. தீபாவளி போனஸிலிருந்து பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருந்தார். "அதுக்கு மேல ஒரு ரூவாகூட கெடையாது சாமி," என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார். ஜாக்கெட் துணி எடுக்க வேண்டும் என்று அத்தையும் எங்களோடு பஸ் ஏறிவிட்டார்.

பிளேயர் விற்கும் கடை மாடியில் இருந்தது.

"வாங்க வாங்க! பிளேயர் யாருக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"எனக்குங்க," என்றேன்.

சட்டென்று அவர் குரல் அப்பா பக்கம் திரும்பியது. "அடடா, பாவமுங்க. பாப்பாவுக்குப் பாட்டுன்னா உசுருங்களா?"

"உசுரெல்லாம் இல்லீங்க. புடிக்கும், அவ்வளவுதான்," என்றேன்.

அவர் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். "கண்ணு! நல்லா! இருக்கியா!" என்று கத்தினார். கண் தெரியாவிட்டால் காதும் கேட்காது என்று இவர்களுக்கெல்லாம் யார்தான் சொல்லிக் கொடுத்தார்களோ!

முதலில் அவர் எடுத்து வைத்தது ஒரு பெட்டி பிளேயர். மூடினால் சூட்கேஸ், திறந்தால் பிளேயர். ஆறாயிரம் ரூபாய்.

"அக்ஷி! இதுல புளூடூத் இருக்குது! ரேடியோ இருக்குது! சுத்தியும் கலர் கலரா லைட்டு எரியுதுடி!" என்று வம்சி குதித்தான்.

"எனக்கு எதுக்குடா லைட்டு?"

"எனக்குத் தெரியுமில்ல?"

இவனிடம் பேசி என்ன பயன்?

"தொட்டுப் பாக்கறேனுங்க," என்று சொல்லிவிட்டுத் தடவிப் பார்த்தேன். பெட்டி தக்கையாக இருந்தது. தட்டு வைக்கும் இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. முள்ளைத் தாங்கும் நீளமான கையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். கனமாக இருந்தது. அந்தக் கனத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் இல்லை.

"இவ்வளவு கனத்துல அழுத்துனா என்னோட தட்டு தேஞ்சு போகாதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க," என்று அவர் அப்பாவுக்குப் பதில் சொன்னார். கேட்டது நான்!

அவரிடமிருந்த ஒரு பாட்டுத் தட்டைப் போட்டுக் காட்டினார். பாடுகிற அம்மா ஓர் இடத்தில் குரலை நீளமாக இழுத்தார். இழுத்த குரல் ஆடியது. குளிர்காய்ச்சலோடு பாட வந்துவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம்.

"பாட்டு ஆடுதுங்க," என்றேன்.

"ஆத்தீ! கண்ணு இல்லாட்டியும் காது எப்படிக் கூர்மையா இருக்குது பாருங்க!"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் காது சாதாரணக் காதுதான். சளி பிடித்தால் அடைத்துக்கொள்ளும். வம்சியும் லைட்டை வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டுக் கவனித்திருந்தால் அவனுக்கும் கேட்டிருக்கும்.

"வேற காட்டுங்க," என்றேன்.

இரண்டாவதாக ஒன்றை மேசைமேல் வைத்தார். வைத்தபோதே 'தொம்' என்று சத்தம் வந்தது. "இது பழசுங்க. ரிப்பேர் பண்ணிப் புது முள்ளு போட்டு வெச்சிருக்கறேன். ஒம்பதாயிரத்து ஐநூறு. ஆனா பாப்பாவுக்கு ஆகாதுங்க."

ஆகுமா ஆகாதா என்று நான்தானே சொல்ல வேண்டும்? கையை வைத்தேன். அடியில் மரப்பலகை. அதன் மேல் சுழலும் வட்டு, தோசைக்கல் கனம் இருந்தது. முள்ளைத் தாங்கும் கையின் பின்பக்கத்தில் கனத்தைச் சரிசெய்யும் திருகு. பக்கத்தில் ஒரு குட்டி லிவர். அதைத் தூக்கினால் கை மேலே எழும், இறக்கினால் மெதுவாகக் கீழே உட்காரும். அதே பாட்டை இதில் போடச் சொன்னேன். அந்த அம்மாவின் காய்ச்சல் சரியாகிவிட்டது. குரல் ஆடவே இல்லை.

"ஊட்டுல டிவிக்கு ஒரு ஸ்பீக்கர் இருக்குதுங்க. அதுலயே சொருகிக்கலாமுங்களா? இல்ல, இன்னும் ஏதாச்சும் தனியா வாங்கோணுமா?"

"வேண்டியதெல்லாம் இதுக்குள்ளயே இருக்குதுங்க. அப்படியே சொருகிக்கலாம்."

"அப்ப இதுதான்!" என்றேன்.

"வேண்டாமுங்க," என்று கடைக்காரர் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். "தட்டோட ஓரத்துல சரியான எடத்துல முள்ளை எறக்கோணும். கண்ணு தெரியறவங்களே தடுமாறுவாங்க. பாப்பா முள்ளை ஒடைச்சுப்போடும். பட்டனைத் தட்டுனா தானாப் போயி உக்கார்ற மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. பத்தொம்பதாயிரம்."

அப்பா பெருமூச்சு விட்டார்.

"அவ்வளவு எதுக்கு?" என்றார் அத்தை அப்பாவிடம். "அந்தப் பொட்டியவே வாங்கிப்போடலாம் சென்னகிருஷ்ணா. அதுதான் வம்சி இருக்கறானல்ல? அவன் போட்டு உடுவான். பாவம், புள்ள உக்காந்து கேட்டுக்கட்டும்."

அத்தைக்கு என்மேல் கொள்ளைப் பிரியம். அது எனக்குத் தெரியும். ஆனால் வம்சி போட்டு விடுவானாம்! வம்சி கிரிக்கெட் ஆடப் போய்விட்டால்? டியூஷனுக்குப் போய்விட்டால்? ஒரு பக்கம் முடிந்ததும் அவன் வரும்வரை நான் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டுமா? நாளைக்குக் குல்சும் முன்னால், "வம்சி! ஏ வம்சி!" என்று கத்த வேண்டுமா? என் தட்டு, என் பிளேயர், என் பாட்டு. போடுவது மட்டும் வம்சியா?

"ஏனுங்க, அந்தப் பொட்டியவே எடுத்து வைங்..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்!" என்று கத்திவிட்டேன். "பிளேயர் யாருக்கு?"

"உனக்குத்தான் அம்மணி," என்றார் அப்பா.

"அப்பறம் ஏன் ஆளாளுக்கு உங்களையே கேக்கறாங்க? அத்தை உங்களக் கேக்கறாங்க, நீங்க கடைக்காரரக் கேக்கறீங்க. என்னால முடியுமான்னு என்னை ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

அப்பா என் தோளில் கை வைத்தார். "தப்புத்தான் சாமி. சொல்லு. உன்னால முடியுமா?"

"தெரியல," என்றேன். உண்மை அதுதான். "செஞ்சு பாத்தாத்தான தெரியும்?"

லிவரைத் தூக்கினேன். பிளேயரின் கையை நகர்த்தினேன். இந்த இடம்தான் என்று நினைத்து லிவரை இறக்கினேன். காத்திருந்தேன். பாட்டு வரவில்லை.

"தட்டுக்கு வெளிய தொங்குதுங்க," என்றார் கடைக்காரர். "பாத்தீங்களா?"

"நான் பாக்கலீங்க," என்றேன் வெடுக்கென்று.

ஆனால் எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். கை எங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும். அதற்கு ஓர் அடையாளம் வேண்டும், அவ்வளவுதானே? எங்கள் வீட்டு வாஷிங் மெஷினில் திருகை எதுவரை திருப்ப வேண்டும் என்பதற்கு நானே ஓர் அடையாளம் வைத்திருக்கிறேனே! கோபத்தில் அது மறந்தே போய்விட்டது.

"அத்தை, உங்க பையில பொட்டு அட்டை இருக்குதுங்களா?"

"பொட்டா? இப்ப எதுக்கு கண்ணு?"

"குடுங்க, சொல்றேன்."

அத்தையின் கைப்பை கரகரத்தது. ஒரு பொட்டைக் கொடுத்தார். மெல்லியது. ஒட்டினால் விரலுக்குத் தெரியவே தெரியாது. "கல்லு வெச்சது இல்லீங்களா?" என்றேன்.

"பையில இல்லியே," என்றார் அத்தை. பிறகு என் உள்ளங்கையில் குட்டியாக ஏதோ ஒட்டியது. நடுவில் கல் மேடாக இருந்தது. "இந்தா. நெத்தியில இருந்ததைக் கழட்டிட்டேன்."

"வம்சி, இங்க வா," என்றேன். "லிவர் மேல இருக்கட்டும். தட்டோட ஓரத்துல, பாட்டு ஆரம்பிக்கற எடத்துக்கு நேரா அந்தக் கையைக் கொண்டு வந்து நிறுத்து. ஆட்டாத!"

வம்சி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினான். அவனுக்கும் பொறுப்பு வரும் போல. தொட்டுப் பார்த்ததில், பிளேயர் கையின் முனை வட்டின் ஓரத்துக்குச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முனையை ஒட்டி, கீழே மரப்பலகையில் அத்தையின் பொட்டை அழுத்தி ஒட்டினேன்.

"கையைப் பழைய எடத்துலயே வெச்சுப்போட்டுத் தள்ளி நில்லு."

இப்போது என் முறை. இடது கைச் சுட்டுவிரலைப் பொட்டின் மேல் நேராக நட்டு வைத்தேன். வலது கையால் பிளேயரின் கையை மெல்ல நகர்த்தினேன். அது வந்து என் விரலில் இடித்தது. அங்கேயே நிறுத்தினேன். தட்டைச் சுழல வைக்கும் பட்டனைப் போட்டேன். லிவரை இறக்கினேன்.

முதலில் கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் பாட்டு! முதல் சொல்லிலிருந்து!

"இன்னொரு வாட்டி," என்று நானே சொல்லி, மறுபடியும் செய்தேன். மறுபடியும் முதல் சொல்லிலிருந்து வந்தது. வம்சி கை தட்டினான். அப்பா என் தலையைத் தடவினார்.

"அட, பரவால்லீங்களே!" என்றார் கடைக்காரர். "ஏனுங்க, அப்ப பாப்பாவுக்கு இதையே பேக் பண்ணிரட்டுமுங்களா?"

கேட்டது யாரிடம்? அப்பாவிடம்! இவ்வளவுக்குப் பிறகும் அப்பாவிடம்! நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையின் குரல் கடையே அதிரும்படி கேட்டது.

"ஏனுங்க, அவனை எதுக்குங்க கேக்கறீங்க? வாங்கறது யாரு? அவளக் கேளுங்க!"

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். இந்த முறை அவர் குரல் நேராக என்னிடம் வந்தது. கத்தவும் இல்லை. "அம்மணி, பேக் பண்ணட்டுமுங்களா?"

"பண்ணுங்க," என்றேன். "அப்படியே தட்டுத் துடைக்கற பிரஷ் ஒண்ணு சும்மா குடுங்க. வந்ததிலிருந்து என்னைப் பாவம்னு சொன்னீங்களல்ல, அதுக்கு."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பிரஷ்ஷும் கொடுத்தார்.

மறுநாள் சாயங்காலம் குல்சும் வந்தாள். அத்தையும் வந்தார், புதுக் கல் பொட்டு வைத்துக்கொண்டு. எனக்கும் ஓர் அட்டை வாங்கி வந்திருந்தார். வயலின் தட்டின் நடுவில், காகிதம் ஒட்டியிருக்கும் இடத்தில், முதல் பக்கத்துக்கு ஒரு பொட்டும் அடுத்த பக்கத்துக்கு இரண்டு பொட்டும் ஒட்டினேன். பிறகு விரலை நட்டு, பிளேயரின் கையை நகர்த்தி, லிவரை இறக்கினேன். வயலின் ஆடாமல் அசையாமல் வீடு முழுக்கக் கேட்டது. குல்சும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் முடியும்வரை விடவே இல்லை.

முடிந்ததும் வம்சி ஓடி வந்தான். "அக்ஷி, அடுத்த பக்கம் நான் போடறேன்டி! ஒரே ஒரு வாட்டி!"

"போடு. ஆனா பொட்டுல வெரல வெச்சுக்கோ."

"எனக்குத்தான் கண்ணு இருக்குதே! அதெல்லாம் வேண்டாம்."

தட்டைத் திருப்பினான். லிவரை இறக்கினான். வயலின் ஏதோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து வீலென்று ஆரம்பித்தது. குல்சும் காதைப் பொத்திக்கொண்டு, "என்னடா பண்ணுன?" என்றாள்.

நான் மெதுவாக எழுந்து போய் லிவரைத் தூக்கினேன்.

"பாவம், புள்ளைக்கு வராது," என்றேன். "நானே போட்டு உடறேன். அவன் உக்காந்து கேட்டுக்கட்டும்."

முதலில் சிரித்தது ராமாமணி அத்தைதான்.