எட்டுக்குப் போன அனகா

எண் சார்ட் போட்டி தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. ஏதாவது ஓர் எண்ணின் சிறப்பை ஒரே ஒரு தாளில் வரைந்து காட்ட வேண்டும்.

ஜிஸ்மி ஒரு சக்கரம் வரைந்து, அதைச் சுற்றி 1, 4, 2, 8, 5, 7 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். முன் மேசையிலும் அதே சக்கரம். பக்கத்து மேசையிலும் அதே சக்கரம்!

போன வருடம் 142857 முதல் பரிசு வாங்கியது. அதனால் திருச்சூர் டீச்சர்கள் எல்லோரும் இந்த வருடம் அதையே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

"இது என்ன, யூனிஃபார்மா?" என்று பல்லைக் கடித்தாள் ஜிஸ்மி.

அந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் 285714. மூன்றால் பெருக்கினால் 428571. இலக்கங்கள் வரிசை மாறாமல் சக்கரம் போலச் சுற்றும். தொடங்கும் இடம் மட்டும்தான் மாறும். ஆறு வரை இப்படியே. ஏழால் பெருக்கினால் 999999. எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள்.

பக்கத்து மேசை அனகா நிறுத்தவில்லை. எட்டால் பெருக்கி, 1142856 என்று பெரிதாக எழுதிவிட்டு, "அய்யோ, கெட்டுப் போச்சே!" என்று அழ ஆரம்பித்தாள்.

"உன்னை யாருடீ எட்டுக்குப் போகச் சொன்னா?" என்றாள் ஜிஸ்மி.

"எல்லாரும் ஏழோட நிறுத்தறாங்க. நான் ஒண்ணு கூடப் போடலாம்னு..."

"அதுவும் மார்க்கர்ல! எப்படி அழிப்பே?"

வேறு தாள் தரமாட்டார்கள். ஜிஸ்மி தன் வேலையைப் பார்க்கத் திரும்பினாள். முடியவில்லை. அந்த 1142856 கண்ணை உறுத்தியது. கடைசியில் 7 இருக்க வேண்டிய இடத்தில் 6. ஒன்று குறைகிறது. முன்னால் பார்த்தால் ஒரு 1 அதிகமாக நிற்கிறது!

முன்னால் நின்ற ஒன்றை எடுத்துப் பின்னால் கூட்டிப் பார்த்தாள். 142857!

ஒன்பதால் பெருக்கினாள். 1285713. ஒன்றை எடுத்துக் கூட்டினால் 285714. சக்கரம் நிற்கவே இல்லை!

அவளுடைய தாளிலும் கீழே இடம் காலியாக இருந்தது. எழுதினால் பரிசு நிச்சயம். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எட்டுக்குப் போனது அவள் இல்லையே!

"டீச்சர், பக்கத்துல இருக்கறவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?"

"வாயால சொல்லலாம். கை வைக்கக் கூடாது," என்றார் ஷீபா டீச்சர்.

ஜிஸ்மி அனகா பக்கம் திரும்பினாள். "மூக்கைத் துடைச்சுட்டுக் கேளு. முன்னாடி நிக்கற ஒண்ணைத் தூக்கி, பின்னாடி ஆறோட கூட்டு."

அனகா கூட்டினாள். அழுகை பாதியில் நின்றது.

முதல் பரிசு அனகாவுக்கு. ஜிஸ்மிக்கு ஒன்றுமே இல்லை. வயிறு எரியத்தான் செய்தது. அவள் வேனை நோக்கி நடந்தபோது அனகா ஓடி வந்தாள்.

"ஜிஸ்மி! பதிமூணு வரைக்கும் சுத்துது! பதினாலுக்கு என்ன வருதுன்னு பாரேன்!"

"போடீ, எனக்குத் தலை வலிக்குது." இரண்டடி நடந்தாள். நின்றாள். "சரி, பேனாவைக் கொடு."

1999998 வந்தது. முன்னால் நின்ற ஒன்றை எடுத்துப் பின்னால் கூட்டினாள். ஆறு ஒன்பதுகள்!

வேன் ஹாரன் அடித்தது.

"உன்னோட பெரிய தொல்லை!" என்று சொல்லிவிட்டு, ஜிஸ்மி படியில் உட்கார்ந்து பதினைந்தால் பெருக்க ஆரம்பித்தாள்.