இல்லாத ஆணி

"என் வீட்டுக்காரர்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் வந்திருக்காருங்க. அவர்தானான்னு நீங்கதான் சொல்லணும்."

வேங்கிக்காலில், ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் சக்கரவர்த்தி நயினார் வீட்டில், உட்காரக்கூட மனமில்லாமல் நின்றாள் தர்மவதி. அது 1978. இரண்டு வருஷத்துக்கு முன் லாரி ஓட்டப் போன குணபாலன் பாலக்காட்டுப் பக்கம் விபத்தில் சிக்கினான் என்று தகவல் வந்தது. அப்புறம் ஆளே இல்லை. பத்து நாளைக்கு முன் வந்து நின்றவனுக்கு மண்டையில் தையல் போட்ட வடு, முகத்தில் பாதி தழும்பு, பேச்சில் மலையாள இழுவை. மாட்டுக் கொட்டகையை விட்டு அவனை அவள் நகர விடவில்லை. சோறும் தண்ணீரும் அங்கேயே போயின. இன்று பொழுது சாய்வதற்குள் முடிவு தெரியாவிட்டால் போலீசில் ஒப்படைப்பேன் என்று அவள் அண்ணன் அப்பாசாமி குதித்துக்கொண்டிருந்தார்.

"புருஷனைத் துரத்தின பாவமா, அசலானைச் சேத்த பாவமா? கண்ணு மூட முடியலைங்க."

"பேச்சே காட்டிக் குடுக்குதே! ஆள் மாறாட்டம்தாங்க ஐயா," என்றார் சுப்பன். இன்ஸ்பெக்டரின் பழைய ஏட்டு. கேஸ் ஆரம்பிப்பதற்குள் தீர்ப்பு எழுதிவிடுகிற மனுஷன்.

தர்மவதியின் ஊரான அடி அண்ணாமலைக்குப் போனதும் சக்கரவர்த்தி கொட்டகையில் இருந்தவனிடம் கேட்டது ஒன்றுதான்: "குடிக்கத் தண்ணி குடுப்பா."

அவன் கிணற்றடிக்குப் போனான். பார்வை தர்மவதி மேலேயே இருந்தது. கை மட்டும் வலப்பக்கச் சுவரின் வெற்றிடத்தைத் துழாவியது. பிறகுதான் திரும்பிப் பார்த்து, இடப்பக்க ஆணியில் தொங்கிய வடிதுணியை எடுத்தான். தண்ணீரை வடித்துக் கொடுத்தான். துணியில் தங்கிய சிற்றுயிர்கள் சாகாதபடி, அதை அலசிய நீரைப் பத்திரமாகக் கிணற்றிலேயே விட்டான்.

"சமண வீட்டு வழக்கத்தை யாராவது சொல்லிக் குடுத்திருப்பாங்க," என்றார் சுப்பன், விடாமல்.

"சொல்லிக் கேட்டவன் கண்ணால தேடுவான், சுப்பன். இவர் பாக்கவே இல்லை. கை தானாப் போச்சு. ஏம்மா, வலப்பக்கம் சுண்ணாம்பு அடைச்ச ஓட்டை இருக்கே, ஆணியை எப்ப மாத்தினே?"

தர்மவதி அந்த ஓட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "போன வருஷம் வெள்ளையடிச்சப்ப. அவர் போனப்புறம்."

"அந்தக் கைக்கு அது தெரியாது. பழைய இடத்துக்கே போயிடுச்சு."

"அப்ப பேச்சு?" என்றார் சுப்பன்.

"வேலூர் டாக்டர் ஒருத்தர் சொல்லியிருக்கார். மூளைல அடிபட்டா, அபூர்வமா சில பேருக்குப் பேச்சோட ராகமே மாறிடுமாம். கேக்கறவங்களுக்கு அசலூர்க்காரன் மாதிரி தோணும். வந்ததுலேருந்து ஒரு மலையாள வார்த்தை பேசினாராம்மா?"

அவள் யோசித்தாள். "இல்லைங்க. எல்லாம் நம்ம ஊர் வார்த்தைங்கதான்."

குணபாலன் இழுத்து இழுத்துச் சொன்னான்: "நான் பேசறது எனக்கே வேற யாரோ பேசற மாதிரி இருக்கு, தருமு. நீ மட்டும் எப்படி நம்புவே?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பத்து நாள் கொட்டகையில் போட்டோமே என்று மனசு அறுத்தது. அந்தக் குரல் இப்போதும் அந்நியமாகத்தான் கேட்டது. அவள் ஈரம் காயாத அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழுது சாயப் போகுதுங்க. இருட்டினப்புறம் நம்ம சமண வீட்டுல சாப்பிடக் கூடாதே, அதுக்குள்ள சாப்பிடணும்ல? வீட்டுக்குள்ள வாங்க."