பன்னிரண்டு குச்சிகள்

"வழியெல்லாம் பனி. வண்டி ஓடினா வருவோம், இல்லேன்னா இல்ல," என்று மாமா தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

புத்தாண்டுக்கான பனிட்சா வட்டத் தட்டில் தயாராக இருந்தது. மெல்லிய மாவு அடுக்குகள், நடுவில் வெள்ளைச் சீஸ். வேகவைக்கும் முன்பே அதைத் துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் மொட்டுள்ள ஒரு குச்சியைச் செருக வேண்டும். தனக்குக் கிடைத்த குச்சியில் ஒரு மொட்டு என்றால் அந்த வருடம் உடல்நலம். இரண்டு என்றால் கல்யாணம். மூன்று என்றால் பயணம். வெந்த பிறகு கத்தி வைக்கக் கூடாது.

போன வருடம் அப்பா நான்காக வெட்டினார். திடீரென்று மாமாவும் அவர் மகள் யோவானாவும் வந்து நின்றார்கள். அப்பாவின் மகன் ஓக்னியான் தன் துண்டைப் பிய்த்து யோவானாவுக்குப் பாதி கொடுத்தான். குச்சி அவன் பாதியிலேயே தங்கிவிட்டது.

"இந்த வருஷம் எனக்கு மட்டும் ஒண்ணுமே நடக்காதா?" என்று குட்டி யோவானா அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

இந்த முறை கத்தி ஓக்னியானின் தங்கை ரலிட்சாவின் கையில்.

"சீக்கிரம் ரலி, அடுப்பு சூடாயிருச்சு," என்றாள் அம்மா.

"நாம நாலு பேரு. அவங்க வந்தா ஆறு பேரு. எத்தனையா வெட்டறது?"

"நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல அஞ்சு. அஞ்சா வெட்டு!" என்றான் அண்ணன் ஓக்னியான்.

"அப்போ அவங்க வந்தாலும் சண்டை, வராட்டியும் சண்டை."

ரலிட்சா மேசையில் சிந்திய மாவைப் பரப்பி, விரலால் வட்டம் வரைந்தாள். நான்கு பேர் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. ஆறு பேர் என்றால் ஆறில் ஒரு பங்கு. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே அளவுத் துண்டு உண்டா?

எட்டாகப் பிரித்தாள். கால் பங்கு வந்தது. ஆறில் ஒன்று வரவில்லை. அழித்தாள். பன்னிரண்டாகப் பிரித்தாள். கால் பங்குக்கு மூன்று துண்டு. ஆறில் ஒரு பங்குக்கு இரண்டு துண்டு. மிச்சமே இல்லை!

"அம்மா, பன்னெண்டு குச்சி வேணும்!"

"பன்னெண்டா? குருவிக்கா சோறு வைக்கப்போற?" என்றான் ஓக்னியான்.

"பேசுனது போதும். நீயே போய் ஒடிச்சிட்டு வாடா," என்றாள் அம்மா. அவன் முணுமுணுத்துக்கொண்டே பனியில் இறங்கினான்.

பனிட்சா பொன்னிறமாக வெந்தபோது கதவு தட்டும் சத்தம். மாமாவின் தொப்பி முழுக்கப் பனி. யோவானா பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"ரலி அக்கா, எனக்குக் குச்சி இருக்கா?"

"ஒண்ணு இல்ல, ரெண்டு!"

அப்பா தட்டைச் சுழற்றிவிட்டார். அது நின்றதும் அவரவர் முன்னால் இருந்த இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டார்கள்.

ஓக்னியானுக்கு இரண்டு மொட்டு. அடுத்த துண்டிலும் இரண்டு மொட்டு.

"ஒரே வருஷத்துல ரெண்டு கல்யாணமாடா?" என்று மாமா சிரித்தார். ஓக்னியானின் காது சிவந்தது.

யோவானா தன் குச்சிகளை நக்கிச் சுத்தம் செய்து நீட்டினாள். இரண்டிலும் மூன்று மொட்டு.

"ரெண்டுமே பயணம்," என்றாள் ரலிட்சா.

யோவானா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சீஸ் ஒட்டிய முகம் மலர்ந்தது.

"ஒண்ணு வீட்டுக்குப் போக. இன்னொண்ணு திரும்ப இங்க வர!"