நூற்று நாற்பது பவுண்டு

ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு, கார்லண்ட் ஹாப்ஸின் வெள்ளைப் பிக்கப் நாற்பதடி ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு எங்கள் எடை மேடையில் ஏறி நின்றது. வழக்கம்போல அவர் பக்கத்தில் அவர் மனைவி ஆர்டித். வழக்கம்போல அவள் கால்கள் டாஷ்போர்டின் மேல்.

பீக்கோஸுக்கு மேற்கே, நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தத்தில் பதினாறு வருடமாக எடை போடுகிறவள் நான். கடைக்குள் கல்லாவுக்குப் பின்னால் எனக்கு ஒரு திரை, ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். வெளியே மேடையருகே கம்பத்தில் ஒரு பொத்தான். ஓட்டுகிறவர் அதை அழுத்திப் பேசுவார், நான் எண்ணைச் சொல்வேன். இடையில் புத்தகம் படிப்பேன். நாள் முழுக்கப் பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமே இல்லை. அன்றும் பேசாமல் இருந்திருக்கலாம்.

கார்லண்டின் தொழில் அவசரச் சரக்கு. எண்ணெய்க் கிணற்றில் ஏதாவது உடைந்து, துளையிடும் ரிக் நின்றுவிட்டால் பெரிய லாரி வரும்வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள், கார்லண்டைக் கூப்பிடுவார்கள். முன்பு அவரும் ரிக்கில்தான் இருந்தார். சங்கிலி அறுந்து இடது கண்ணில் அடித்தது. அதற்குப் பிறகு கனரக லைசன்ஸ் கிடைக்கவில்லை. கார் ஓட்டுகிற சாதாரண லைசன்ஸில் அவர் இழுக்கக்கூடியது இருபத்தாறாயிரம் பவுண்டு. வண்டி, ட்ரெய்லர், சரக்கு, டீசல், ஆள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மீறினால் கிழக்கே பதினெட்டு மைலில் இருக்கும் சோதனை நிலையத்தில் ஓரங்கட்டிவிடுவார்கள். அதனால் பின்சீட்டைக் கழற்றிப் போட்டிருந்தார். டீசல் எப்போதும் அரை டாங்க். ஆர்டித்தின் சாப்பாட்டுப் பெட்டியைக்கூடத் தூக்கிப் பார்த்துத்தான் ஏற்றுவார்.

"முதல் எடையா, மறு எடையா?" என்று கேட்டேன்.

"முதல் எடைதான், தாயி."

"இருபத்தாறாயிரத்து நூத்தி இருபது."

"எத்தனை கூட?" ஆர்டித்தின் குரல். எப்போதும் அவள்தான் அதைக் கேட்பாள்.

"நூத்தி இருபது. என்ன செய்யப் போறீங்க, டீசலைக் குடிச்சுத் தீர்க்கப் போறீங்களா?" என்றேன். பிறகு அதைச் சொன்னேன். "பேசாம ஆர்டித்தை இறக்கி விடுங்க. எல்லாம் சரியாப் போயிடும்."

"அடிப்பாவி! என் எடையை ஊருக்கே மைக்குல சொல்லுவியா நீ?"

கதவு திறந்தது. அவள் இறங்கி, மேடைக்கு வெளியே போய் நின்று, இடுப்பில் கை வைத்துக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். திரையில் எண் மாறியது.

"இருபத்தஞ்சாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது," என்றேன்.

"அப்ப நூத்தி நாப்பதா?" என்றார் கார்லண்ட். "நூத்திப் பத்துன்னு சொல்லித்தானே என் தலையில கட்டினாங்க."

"அப்ப உனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருந்துச்சு, கிழவா?"

நானும் சிரித்தேன். அவள் ஏறிக்கொண்டாள். வண்டி போனது.

பிறகு நடந்ததை கார்லண்டின் வாயாலேயே கேட்டேன். சோதனை நிலையத்துக்கு அரை மைல் முன்னால் ஆர்டித் இறங்கிக்கொண்டாள். முள்வேலியைத் தாண்டி, மெஸ்கீட் புதர்களுக்குள் நடந்து, நிலையத்தைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து ஏறிக்கொள்வதாகத் திட்டம். அரை மணி நேர நடை. தண்ணீரும் போனும் சீட்டிலேயே கிடந்தன.

எடை சரியாக இருந்தது. ஆனால் ட்ரெய்லரின் பிரேக் விளக்கு எரியவில்லை என்று அவரை நிறுத்திவிட்டார்கள். இரண்டே முக்கால் மணி நேரம். ஏசி ஓடும் அறையில், பெஞ்சில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மனைவி வெளியே வெயிலில் நிற்கிறாள் என்று சொன்னால் அவளையும் சேர்த்து எடை போடுவார்கள். சரக்கு போய்விடும். இன்னும் பத்து நிமிடம், இன்னும் பத்து நிமிடம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

அன்று வெயில் நூற்றுப் பதினொரு டிகிரி ஃபாரன்ஹீட்.

சொன்ன இடத்தில்தான் இருந்தாள். வேலிக்கம்பத்தில் சாய்ந்து, சாலையைப் பார்த்தபடி, மூச்சில்லாமல்.

அக்டோபரில் கார்லண்ட் திரும்பவும் ஓட்ட வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. ஆர்டித்தின் சீட்டையும் கழற்றிவிட்டிருந்தார், பார்க்க முடியவில்லை என்று. அந்த இடத்தில் வெறும் தரையும் நான்கு போல்ட் துளைகளும்.

"இருபத்தாறாயிரத்து நாப்பது," என்றேன்.

கம்பத்துப் பொத்தானை அவர் மறுபடி அழுத்தினார்.

"உன் தராசு பொய் சொல்லுது, நெல்டா. இருபத்தஞ்சாயிரத்துத் தொள்ளாயிரம்தான் இருக்கணும்."

அடுத்தடுத்து வந்த நான்கு லாரிகளுக்கு எடை சரியாக இருந்தது. மறுவாரம் கார்லண்ட் வெறும் வண்டியோடு வந்தார். தன் வண்டியின் எடை அவருக்குத் தன் வயதைப் போலத் தெரியும். அதில் நூற்று நாற்பது கூடுதல். இறங்கச் சொன்னேன். அவர் எடை குறைந்தது. நூற்று நாற்பது அப்படியே நின்றது.

இருவரும் கல்லாவருகே நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே ஆளில்லாத வண்டி.

அப்போது ஸ்பீக்கர் உயிர்பெற்றது.

கம்பத்தருகே யாரும் இல்லை.

முதலில் பூச்சிகளின் ரீங்காரம். கோடையில் மெஸ்கீட் புதர்களிலிருந்து மண்டையைத் துளைக்குமே, அந்தச் சத்தம். வெளியே வடகாற்றில் கொடிக்கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இந்தக் குளிருக்கு ஒரு பூச்சிகூடக் கத்தாது. பிறகு சூடேறிய மண்ணின் வாசனை ஸ்பீக்கரின் துளைகளிலிருந்து வருவதுபோல இருந்தது.

பிறகு, நாக்கு வறண்ட குரலில்:

"எத்தனை கூட?"

கார்லண்ட் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். நான் ஸ்பீக்கரை அணைத்தேன். அணைத்த பிறகும் ரீங்காரம் கொஞ்ச நேரம் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி என்னிடம் பேசவில்லை. ஆனால் சரக்கைக் குறைத்து எடுக்க ஆரம்பித்தார். மற்றவர்கள் பதினோராயிரம் ஏற்றும் இடத்தில் அவர் அவளுக்கு இடம் விட்டு ஏற்றினார். ஒருநாள் பிக்கப்பின் அருகே போனேன். போல்ட் துளைகளின் மேல் ஒரு மெத்தை போட்டிருந்தது, பக்கத்தில் மூடி திறந்த தண்ணீர்ப் பாட்டில்.

"குடிக்க மாட்டேங்குறா," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நவம்பருக்குள் நான்கு அழைப்புகளை அவர் தட்டிக்கழிக்க வேண்டியிருந்தது. எல்லாம் மொத்த எடை இருபத்தாறாயிரத்தை ஒட்டும் சரக்குகள். ஐந்தாவதையும் விட்டால் இனிக் கூப்பிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் பத்தாம் தேதி காலை பதினோரு மணிக்கு ஐந்தாவது சரக்கோடு வந்தார். இரும்புக் குழாய் இணைப்புகள். எங்கோ ஒரு ரிக் நின்றுகொண்டிருந்தது.

"இருபத்தாறாயிரத்து இருநூத்தி நாப்பது."

சங்கிலிகளை இறக்கி என்னிடம் வைத்துவிட்டுப் போனார். ஜாக்கியை இறக்கினார். உதிரி டயர். தன் பூட்ஸைக்கூடக் கழற்றினார். இருபத்தாறாயிரத்து அறுபதில் வந்து நின்றது. அதற்குமேல் இறக்க ஒன்றுமில்லை.

காலுறை மட்டும் போட்ட காலோடு கடைக்குள் வந்தார். குரலைத் தாழ்த்தினார், வெளியே கேட்டுவிடும் என்பதுபோல.

"இந்த வண்டியத் தவிர எனக்கு வேற தொழில் தெரியாது, நெல்டா. ஒத்தக் கண்ணனுக்கு எவன் வேலை குடுப்பான்?"

"நான் என்ன செய்யணும்?"

"அவளை இறங்கச் சொல்லு."

நான் வெளியே வண்டியைப் பார்த்தேன்.

"எனக்கு வாய் வரல. வர்ற வழியெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒரு தடவை இறங்கச் சொல்லிட்டேன்ல, ரெண்டாவது தடவை எப்படிச் சொல்ல? நீ சொல்லு." அவர் நல்ல கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "போன தடவையும் நீ சொல்லித்தானே இறங்கினா."

அதை அவர் குத்திக்காட்டவில்லை. ஒரு தகவல்போலத்தான் சொன்னார். அதனால்தான் அது உள்ளே இறங்கியது.

"திரும்பி வருவீங்களா?" என்றேன்.

"சரக்கை இறக்கின உடனே. மூணு மணி நேரம். அவகிட்ட சொல்லு, இங்க நிழல் இருக்குன்னு."

அவர் வண்டியில் போய் உட்கார்ந்தார். நான் மைக்கை எடுத்தேன்.

"ஆர்டித்," என்றேன். "நான் நெல்டா."

ஸ்பீக்கரில் பூச்சிகள் கத்தத் தொடங்கின.

"கொஞ்சம் இறங்கிக்கிறியா? அவர் போயிட்டு வந்துடுவார். இந்தத் தடவை எங்கயும் நடக்க வேண்டாம். இங்கயே இரு."

ரீங்காரம் நின்றது.

பிக்கப்பின் வலப்பக்கக் கதவு திறந்தது. மெதுவாக, மூட்டுவலிக்காரர் திறப்பதுபோல. யாரும் இறங்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

திரை: 26,060. மாறவே இல்லை.

"நகர்த்துங்க," என்றேன். வண்டி மேடையை விட்டுக் கீழே போனது. திரையில் பூஜ்யம் வர வேண்டும்.

140.

கார்லண்ட் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேடையைப் பார்த்தார். வெற்று இரும்புத் தகடு, அதன்மேல் காற்றில் உருளும் ஒரு காகிதக் கோப்பை. அவர் ஏதோ சொன்னார், உதடு அசைந்தது. பிறகு கிழக்கே போய்விட்டார்.

மேடை பழுது என்று பலகை வைத்தேன். லாரிகள் திட்டிக்கொண்டே போயின. நான் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எண் சில சமயம் நூற்றிருபதுக்கும் நூற்று நாற்பதுக்கும் இடையே துடித்தது, நிற்கிறவர் காலை மாற்றி வைப்பதுபோல.

பன்னிரண்டரைக்கு ஸ்பீக்கரில் மூச்சு. "வந்துட்டானா?"

"இன்னும் இல்ல."

ஒன்றே காலுக்கு என் போன் அடித்தது. கார்லண்ட்.

"சோதனையில ரெண்டே நிமிஷத்துல விட்டுட்டாங்க," என்றார். பின்னணியில் ரிக்கின் எஞ்சின் சத்தம். வேலை தொடங்கிவிட்டது போலிருந்தது. "நெல்டா, அந்த வேலிப்பக்கம் வண்டி தானா மெதுவாப் போச்சு. நான்தான் பிரேக் போட்டேன். நிறுத்திட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துல யாருமில்ல. நிஜமாவே யாருமில்ல. ரெண்டு மாசத்துல முதல் தடவையா மூச்சு விட முடிஞ்சுது."

"எப்ப வர்றீங்க?"

"தெற்கு வழியா வீட்டுக்குப் போறேன்."

"கார்லண்ட்."

"திட்டு. எவ்வளவு வேணாத் திட்டு. என்னால அவளைத் திரும்ப ஏத்திக்க முடியாது. ஏத்தினா ஓட்ட முடியாது." அழுதார். "அவளை நான் ரெண்டு தடவை விட்டுட்டேன், இல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்கு எனக்கு வேலை முடியும். அதுவரை காத்திருந்தேன். காத்திருக்கிறவளுக்குத் துணையாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கு எழுந்துகொள்ள பயம். கடைசியில் மைக்கைப் பிடித்தேன். இரண்டு முறை அவளிடம் இறங்கச் சொல்லியிருந்தேன், ஒரு முறையாவது உண்மையைச் சொல்ல வேண்டும்.

"ஆர்டித். அவர் வரமாட்டார்."

எண் நின்றது.

"உன் மேல தப்பில்ல. அவருக்குத் தாங்கலை. நான் அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். என்னை மன்னிச்சுடு."

நூற்று நாற்பது. நூற்று நாற்பது.

பூஜ்யம்.

கல்லாமேல் தலை கவிழ்த்து அழுதேன். போய்விட்டாள் என்று நினைத்தேன். பலகையை எடுத்தேன், அடுத்த வண்டிக்கு எடை போட்டேன், சரியாக வந்தது. மாற்று ஆள் வந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். பகலிலும் விலகாத உறைபனி கார்க் கண்ணாடிகளில் பிடித்திருந்தது.

காரைக் கிளப்பினேன்.

டிங். டிங். டிங்.

என் பெல்ட்டைப் பார்த்தேன், போட்டிருந்தேன். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு, பக்கத்துச் சீட்டுக்கானது. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் எரிவது. சீட்டில் என் பையோ புத்தகமோ எதுவும் இல்லை.

டிங். டிங். டிங்.

கதவைத் திறந்து ஓடியிருக்கலாம். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சீட்டின் நடுவே துணி மெல்லப் பள்ளமாகி, அப்படியே நின்றது.

"எங்க வீடு சின்னது," என்றேன் கடைசியில். "நான் அதிகம் பேச மாட்டேன்."

சாய்ந்து, அந்தப் பக்கத்து பெல்ட்டை இழுத்தேன். வெற்றிடத்தில் நேராக வரவேண்டியது, எதன்மேலோ பட்டு வளைந்து வந்தது. கொக்கியை மாட்டினேன்.

மணி நின்றது.

கையை எடுத்துப் பார்த்தேன். கொக்கி பட்ட இடத்தில், ஜூலை வெயிலில் கிடந்த இரும்பைத் தொட்டதுபோல விரல்கள் சிவந்து, தோல் கொப்புளம் விட்டிருந்தது.