இறங்கட்டுமா?

பிளக்கை உருவியபோது அதன் பித்தளை முனை ஈரமாக இருந்தது.

குழல்வாய்மொழி அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் கைதட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். பழைய டெலிபோன் போர்டுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கதம்பம் சாத்தி, சூடம் காட்டி, "கடைசி பிளக்கை நீங்கதான்க்கா உருவணும், உங்க கைராசிக்குப் புதுசு நல்லா ஓடட்டும்" என்று என்ஜினீயர் நமசிவாயம்தான் அவளை முன்னால் நிறுத்தியிருந்தார். கூடத்தின் எதிர்ப்பக்கத்தில் புது ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் சாம்பல் நிற பீரோக்களாக வரிசைகட்டி நின்று, தகரத்தில் அரிசி கொட்டுகிற சத்தத்தோடு வேலையைத் தொடங்கியிருந்தது. இனிமேல் நம்பரைச் சுழற்றினால் எதிர்முனையில் மணி அடிக்கும். நடுவில் ஒருத்தி உட்கார்ந்து "யாரு வேணும்?" என்று கேட்க வேண்டியதில்லை. டெலிபோன் வேலைக்கென்றே அப்பா பெயர் வைத்தது போல என்று அவளைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் இன்று லட்டு தின்றுகொண்டிருந்தார்கள்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில், சாலையோர ஓட்டுக் கட்டடத்தில் இருந்த சின்ன எக்ஸ்சேஞ்ச் அது. ஆடி மாதம். சீசன் உச்சத்தில் இருந்தது. மதியமே மேகம் மலையை மூடிவிட்டு, சாரல் சன்னல் கம்பிகளில் பொடிப்பொடியாகத் தூவிக்கொண்டிருந்தது. அறைக்குள் சூட வாசனையும் புது வயரின் ரப்பர் வாசனையும் நனைந்த குடைகளின் முடை நாற்றமும் கலந்து கிடந்தன.

இரண்டு வருஷமாக அந்த ஒரு பிளக்கை அவள் யாரையும் தொட விட்டதில்லை.

அதற்கு ஒரு முறை இருந்தது. லைன்மேன் கம்பத்தில் ஏறினால் சோதனைக் கைப்போனைக் கம்பியில் மாட்டி போர்டைக் கூப்பிடுவான். ஆபரேட்டர் உடனே அந்த லைனில் பிளக்கைச் செருகிவிட வேண்டும். பிளக் இருக்கிற லைனில் வேறு யாரும் மணி போட மாட்டார்கள். போட்டால் மேலே இருப்பவன் கையில் கரண்ட் பாயும். வேலை முடிந்ததும் அவன் மேலேயிருந்தே "எறங்கட்டுமா?" என்று கேட்பான். ஆபரேட்டர் லைனைச் சோதித்துப் பார்த்து "எறங்குங்க" என்றபிறகே இறங்குவான். தரையில் கால் வைத்து "எறங்கிட்டேன்" என்று அவன் வாயால் சொல்கிற வரைக்கும் பிளக்கை உருவக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் இதை மீறியதில்லை.

தாணுமாலயன் லைன்மேன். அவள் புருஷன். அன்று காலையில் அரிவாள்மணையில் இடித்துக்கொண்ட கால் பெருவிரலுக்கு அவளுடைய பழைய மஞ்சள் சேலையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டிவிட்டாள். அந்தக் கட்டோடுதான் பழைய குற்றாலம் லைனைப் பார்க்கப் போய், ஓடைக்கரைக் கம்பத்தில் ஏறினான். "எறங்கட்டுமா மொழி?" என்று கேட்டான். "செத்த இருங்க, பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். மலையில் பெய்த மழை அந்தச் செத்த நேரத்தில்தான் காட்டாறாக இறங்கி வந்தது. முதலில் காதுக்குள் ஒரு இரைச்சல். பிறகு ஒன்றுமில்லை. கம்பங்கள் போயின, அவனும் போனான். உடம்பு கிடைக்கவில்லை. தாலியைக் கழற்றச் சொன்ன மாமியாரிடம், "எறங்கிட்டேன்னு அவுக இன்னும் சொல்லலியே அத்தை" என்றாள். கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசினார்கள். பேசிவிட்டுப் போகட்டும் என்றிருந்தாள். பிளக் போர்டில் இருந்தது, குங்குமம் நெற்றியில் இருந்தது.

இன்றைக்கு அதை அவளே உருவினாள். என்றைக்காவது உருவித்தானே ஆக வேண்டும் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அத்தனை பேர் கைதட்ட.

முதல் புகாரைக் கொண்டுவந்தவர் லாட்ஜ் வைத்திருக்கிற பிச்சைமணி. குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.

"என்ன சார் மிஷினு வாங்கிப் போட்டிருக்கிய? மதுரைக்காரன்கிட்ட ரூமு பேசிக்கிட்டிருக்கேன், நடுவுல ஒருத்தன் புகுந்து கேள்வி கேக்குதான்."

"என்ன கேக்குதான் அண்ணாச்சி?" என்றார் நமசிவாயம்.

"எறங்கட்டுமாங்கான். எங்கன இருந்துலே எறங்கப் போறன்னு ஒரு சத்தம் போட்டேன். பதில் இல்ல. தண்ணி கொட்டுத சத்தந்தான். அருவிக்கு அடியில நின்னு பேசுத மாதிரி."

மொழியின் கையிலிருந்த லட்டு உதிர்ந்தது. அவள் குனிந்து ஒவ்வொரு பூந்தியாகப் பொறுக்கத் தொடங்கினாள். நிமிர்ந்தால் முகத்தை யாராவது பார்த்துவிடுவார்கள்.

"கேபிள்ல ஈரம் ஏறியிருக்கும், ஒரு லைன் பேச்சு இன்னொண்ணுல கேக்கும்," என்றார் நமசிவாயம். ஆலங்குளத்துக்காரர், நல்ல மனுஷர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். ஆனால் அதற்கப்புறம் புகார்கள் நிற்கவில்லை. மரக்கடையிலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து, பஸ் கம்பெனியிலிருந்து. எல்லோருக்கும் அதே தண்ணீர், அதே கேள்வி. போனில் கூப்பிட்ட டாக்டர் வீட்டு அம்மா விஜயம் மட்டும் கோபப்படவில்லை.

"பாவமா இருக்கு மொழி. குளிர்ல பல்லு தந்தியடிக்குது அந்த மனுஷனுக்கு. எறங்கட்டுமா எறங்கட்டுமான்னு கேக்குதாரு. சரி எறங்குங்கன்னு சொல்லிரட்டுமா?"

"வேண்டாம்மா!" என்று மொழி கத்திவிட்டாள். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க" என்றாள், தணிந்த குரலில்.

ஏன் அப்படிக் கத்தினாள் என்று அவளுக்கே புரியவில்லை. வேறொருத்தி சொல்லி அவன் இறங்கிவிடக் கூடாது என்றா, இறங்கவே கூடாது என்றா?

கூட்டம் கலைந்ததும் நமசிவாயம் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வரிசையாகப் பார்த்தார். எர்த் சரியாக இருந்தது. பாட்டரி சரியாக இருந்தது. எல்லா லைன்களும் வந்து சேர்கிற மெயின் பிரேமில் ஒவ்வொரு லைனின் பியூஸையும் உருவி, சோதனை போனைக் காதில் வைத்துப் பார்த்து, மாட்டி, அடுத்ததை உருவினார். எதை உருவினாலும் தண்ணீர் சத்தம் நிற்கவில்லை. கடைசியில் எரிச்சலாகி எல்லாவற்றையும் உருவிப் போட்டார். ஊர் முழுக்க போன் செத்தது. பீரோக்கள் அரிசி கொட்டுவதை நிறுத்தின. அந்த அமைதியில் ஓட்டுச் சரிவிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூடத் தனித்தனியாகக் கேட்டது. நமசிவாயம் சோதனை போனை இன்னொரு முறை காதில் வைத்தார். முகம் மாறியது.

"எந்த லைன்லக்கா வருது இது? எதோடயும் சேராம ஒரு பழைய வயரு தொங்குது, அதுலதான் வருது."

"பழைய குற்றாலம் லைன்," என்றாள் மொழி. "அங்கன கம்பமே இல்ல சார். வெள்ளத்தோட போயிட்டு."

அவருக்கும் தாணுமாலயன் கதை தெரியும். அவளைப் பார்க்காமல் வயரைப் பார்த்துப் பேசினார். "முக்குல இருக்க கேபிள் ஜாயிண்டைத் திறந்து பாத்துட்டு வந்துருதேன். அதுவும் சரின்னா நாளைக்குக் காலையில இந்தப் பழைய கேபிளை மொத்தமா வெட்டி எடுத்துருவோம். அதோட சத்தம் ஒழிஞ்சிரும். நீங்க இதைக் காதுல வச்சிட்டே இருங்க, நின்னா சொல்லுங்க." போனை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நாளைக்கு வெட்டிவிடுவார்கள். பிறகு அவன் கூப்பிட ஒரு கம்பிகூட இருக்காது.

அவள் போனைக் காதில் வைத்தாள். தண்ணீர் முழங்கியது. முழக்கத்துக்குள் மூச்சு ஒன்று வாங்கிக்கொண்டிருந்தது.

"மொழி. எறங்கட்டுமா?"

இரண்டு வருஷம். பாயில் பக்கத்து இடத்தைத் தடவித் தடவி விழித்த இரண்டு வருஷம். அவள் விவரம் இல்லாதவள் அல்ல. சீசனுக்குச் சீசன் அருவி திருப்பித் தந்த உடம்புகளை அவள் பார்த்திருக்கிறாள். ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்ததையே பெற்றவளுக்கு அடையாளம் தெரியவில்லை. இது இரண்டு வருஷம். இறங்கி வருவது எதுவாக இருக்கும் என்று நினைக்கவே பயந்தாள். போனை வைத்துவிடலாம். வைத்துவிட்டு, நாளைக்குப் புதுப் போர்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளலாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"கை விறைச்சுப்போச்சு மொழி. நீ செத்த இருன்னு சொன்னியே, அதான் இருக்கேன். இன்னும் இருக்கட்டுமா?"

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"வேண்டாங்க. லைன் சரியா இருக்கு," என்றாள். "எறங்குங்க."

தண்ணீர் நின்றது.

சுத்தமாக, ஒரு கரகரப்பும் இல்லாமல், அவள் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எந்த லைனிலும் கேட்டிராத நிசப்தம். பிறகு இடுப்பு பெல்ட் இரும்புக் கம்பத்தில் உரசுகிற ஓசை. கொக்கி கணீர் என்றது. மறுபடி உரசல். கணீர். அவன் இறங்குகிற தாளம் அவளுக்குத் தெரியும்.

"எறங்குதேன்."

கணீர்.

ஒரு காதில் போன். மறு காதில் சன்னல். இரண்டு காதிலும் அதே ஓசை.

கட்டடத்தின் பின்னால் ஒரு கம்பம் உண்டு. பழைய கம்பிகள் எல்லாம் வந்து முடிகிற கடைசிக் கம்பம். அங்கிருந்து வந்தது.

மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆனாலும் சாரல் வெளியே எல்லாவற்றையும் இருட்டடித்திருந்தது. அவள் அசையாமல் நின்றாள். உரசல். கணீர். உரசல். கணீர். எந்தக் கம்பமும் இவ்வளவு உயரம் கிடையாது.

"மொழி." அவன் அழுதான். உயிரோடு இருந்தபோது அவன் அழுது அவள் கேட்டதேயில்லை. "எறங்கிக்கிட்டே இருக்கேன். தரை தட்டுப்படல."

போன் கையிலிருந்து நழுவியது.

பின்கதவு. தாழ்ப்பாள் வியர்த்திருந்தது. திறந்தாள்.

பாசியும் சேறும் அழுகின இலையும் நாறின. கம்பம் நின்றது. மேலே பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. அவள் தோள் உயரத்தில் ஒரு கால். வெளுத்து, ஊதி, தோல் சுருங்கிய பாதம். பெருவிரலில் மஞ்சள் துணிக் கட்டு. அவள் போட்ட முடிச்சு.

கால் தரையைத் தேடியது. காற்றில் துழாவியது. கொக்கி கணீர் என்றது. ஒரு படி இறங்கியது. இறங்கியும் அதே உயரத்தில் இருந்தது. மறுபடி துழாவியது.

"அய்யோ," என்றாள் மொழி. பயம் போகவில்லை. ஆனால் அந்தக் கால் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

கம்பத்தோடு ஒட்டி நின்றாள். தோளைக் கொடுத்தாள்.

பாதம் பதிந்தது. மெத்தென்று. எலும்பு வரை குளிர். விரல்கள் ரவிக்கையைக் கவ்விக்கொண்டன. பிறகு இன்னொரு பாதம், மறு தோளில்.

பாரம்.

"வந்துட்டு," என்றான் மேலிருந்து. அவன் குரலில் அவ்வளவு நிம்மதி. "தரை வந்துட்டு மொழி. எறங்கிட்டேன்."

உள்ளே பீரோக்கள் அரிசி கொட்டத் தொடங்கின. "அக்கா!" திரும்பி வந்து பியூஸ்களை மாட்டிவிட்ட நமசிவாயத்தின் குரல். "லைன் கிளியர் ஆயிட்டு! என்ன பண்ணினிய? எங்கன போயிட்டிய?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சு வரவில்லை. கணுக்காலைச் சேறு விழுங்கியிருந்தது. பிறகு முழங்காலை. மேலிருந்து தண்ணீர் அவள் வகிட்டில் சொட்டி, குங்குமத்தைக் கரைத்துக்கொண்டு, கன்னத்தில் சிவப்பாக இறங்கியது.

அவள் கைகள் மெல்ல உயர்ந்து அந்த இரண்டு கால்களையும் இறுகப் பிடித்துக்கொண்டன. சேறு இடுப்புக்கு வந்தபோதும் விடவில்லை.